மாண்டவி நதிக்கரையில் மூன்று நாட்கள்

மும்பையில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஊர்ப்பயணம் என்றே பொருள். ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பத்துப் பதினைந்து நாட்களை, ரயிலில் நான்கும் கல்யாண வீடுகளில் நான்கும் துக்கம் விசாரிப்பதில் இரண்டுமாகக் கழித்துவிட்டு, புறப்பட்டபோது இருந்ததைவிட அதிகக் களைப்போடு திரும்பி வருகிறோம். பிழைக்க வந்த இடத்தைச் சுற்றிலும் உள்ள நாட்டை நாம் கண்திறந்து பார்ப்பதில்லை. ரயில்வே இலாகாவில் பார்சல் குமாஸ்தாவாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்துவிட்ட நாமும் இந்தக் குற்றத்துக்கு ஆளானவரே. இரத்தினகிரி மாம்பழக் கூடைகளையும் கொங்கணத்து மீன் பெட்டிகளையும் ஆயிரக்கணக்கில் எடைபோட்டிருக்கிறோம். அவை புறப்படும் ஊர்களைக் கண்டதில்லை.

இக்குறையைத் தீர்த்துக்கொள்ள, சென்ற தை மாதம் பொங்கல் கழிந்த வாரத்தில் நால்வராகக் கோவாவுக்குப் புறப்பட்டோம். நம்மோடு வந்தவர்களில் ஒருவர் எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கும் பெரியவர். மற்றொருவர் கொங்கணத்தில் கூடால் என்னும் ஊரைச் சேர்ந்த சக ஊழியர். நான்காமவன் நம் மைத்துனன். இருபத்தாறு வயது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, அந்தேரியில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான். புறப்படும்போது நம் இல்லாள் வாசல்வரை வந்து, "தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைதான் என்று நாமும் வழக்கம்போல் தலையசைத்தோம்.

கொங்கண இருப்புப்பாதை

மாண்டவி எக்ஸ்பிரஸ் காலையில் புறப்படுவதால், வழியெல்லாம் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். ரோஹாவிலிருந்து மங்களூர் அருகிலுள்ள தோக்கூர்வரை சுமார் 740 கிலோமீட்டர் நீளமுள்ள கொங்கண இருப்புப்பாதை முழுவதும் 1998-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று திறக்கப்பட்டது. ஒருபுறம் சகியாத்திரி மலை, மறுபுறம் அரபிக்கடல், இடையே மலையினின்று கடலுக்கு விரையும் எண்ணற்ற ஆறுகள். குகைகள் மட்டும் தொண்ணூறுக்கு மேல். இப்பாதையை அமைத்தவர்களின் தலைவர் ஸ்ரீதரன் அவர்களின் பெயரை இலாகாவில் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள்.

பன்வேல் தாண்டியதும் பெரியவர் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். அவருக்கு 304 ஆட்டம் பழக்கம், நமக்கு ரம்மி. ஆனால் கூடால் நண்பரும் மைத்துனனும் போக்கர் ஆடலாம் என்றார்கள். நண்பர் முன்னொரு காலத்தில் கப்பல் ஒன்றில் சமையற்கட்டு வேலை பார்த்தவர், அங்கே கற்றுக்கொண்டாராம். மைத்துனனோ கைபேசியில் கற்றவன். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியதன்பின் அந்தப் பழக்கம் ஒழிந்தது என்று நாம் நம்பியிருந்தோம். எங்கள் ஆட்டத்தில் பணம் கிடையாது. ஆளுக்கு ஐம்பது வேர்க்கடலை.

அறியாதவர்க்காக ஆட்டத்தின் முறையைச் சுருக்கிச் சொல்கிறோம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. அதைப் பிறர் பார்க்கலாகாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று விரிக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் உள்ளதோ அவர் வென்றவர். ஜோடியைவிட மூன்று ஒரே எண் உயர்ந்தது, அதைவிட வரிசை, அதைவிட ஒரே இனத்தில் ஐந்து, அதைவிட மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்தது, அதற்கும் மேல் நான்கு ஒரே எண். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்கலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். எவரும் வைக்காத நிலையில், மேசையைத் தட்டி 'செக்' என்று சொல்லி, ஒன்றும் வைக்காமலே அடுத்த சீட்டுக்குப் போகலாம்.

இரத்தினகிரிக்கு வடக்கே கர்புடே என்னும் குகை வருகிறது. ஆறரை கிலோமீட்டர், இப்பாதையில் மிக நீளமானது. அதற்குள் ரயில் நுழைந்து இரைச்சல் காதை அடைத்த வேளையில்தான் அந்த ஆட்டம் நடந்தது. நடுவில் விரித்த மூன்றும் ராஜா, ராஜா, ஐந்து. கூடால் நண்பர் கொட்டாவி விட்டுக்கொண்டு 'செக்' என்றார். எல்லோரும் அப்படியே சொன்னோம். அடுத்தது ஆசு வந்தது. பெரியவர் கையில் ஆசு ஒன்று இருந்தது போலும். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பத்துக் கடலை வைத்தார். நண்பர் யோசிப்பவர்போல் யோசித்து, பத்து வைத்தார். கடைசிச் சீட்டுக்குப் பெரியவர் கையிலிருந்த முப்பதையும் நகர்த்தினார். குகை முடிந்து வெளிச்சம் பாய்ந்தது; நண்பர் தம் சீட்டுகளைத் திருப்பினார். இரண்டும் ராஜா! ஆக நான்கு ராஜா. பெரியவர் சிரித்துக்கொண்டே கடலையைத் தள்ளிவிட்டார்.

"பலமான சீட்டு வந்தால் பலவீனன்போல் இருக்கவேண்டும். முதலிலேயே நான் வைத்திருந்தால் மூவரும் ஓடிப்போயிருப்பீர்கள்" என்றார் நண்பர். மைத்துனனின் கண்கள் பிரகாசித்தன. அதற்குள் இரத்தினகிரி ஸ்டேஷன் வந்தது. வடை வாங்கி வருகிறேன் என்று அவன் இறங்கிப் போனான்.

அவன் போனபிறகுதான் நண்பர் மீதியைச் சொன்னார். "இது எப்போதும் செல்லாது, பாவு. டேவிட் ஸ்க்ளான்ஸ்கி என்னும் அமெரிக்கர் இதைப்பற்றி ஒரு புத்தகத்தில் கணக்காக எழுதியிருக்கிறார். நம் சீட்டு மிகமிகப் பலமாக இருக்கவேண்டும். நாம் பணம் வைத்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள் என்ற நிலை இருக்கவேண்டும். இலவசமாகக் கொடுக்கும் அடுத்த சீட்டு அவர்களுக்கு இரண்டாவது நல்ல சீட்டைத் தரலாம். நம்மை வெல்லும் சீட்டைத் தரக்கூடாது. நடுவில் பணம் ஏற்கெனவே பெருகியிருக்கவும் கூடாது. பெருகியிருந்தால் இருப்பதை உடனே கைப்பற்றுவதே புத்தி. இந்த நான்கும் கூடினால் மெதுவாக ஆடு. ஒன்று குறைந்தாலும் உடனே பணத்தை வை."

1988-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தையும் அவர் எடுத்துரைத்தார். ஜானி சான், எரிக் சைடல் என்னும் இருவர் மட்டுமே எஞ்சியிருந்தனர். முதல் மூன்று பொதுச்சீட்டிலேயே சானுக்கு வரிசை அமைந்துவிட்டது. சைடலிடம் இருந்ததோ ராணி ஜோடி. சான் ஏற்றவே இல்லை, பதுங்கியே இருந்தார். கடைசிச் சீட்டு விழுந்ததும் சைடல் தம் முழுத்தொகையையும் வைத்தார். பட்டம் இரண்டாம் ஆண்டாகச் சானுக்குப் போயிற்று. "எதிரி ஒருவனே, அவனும் தானாகப் பணம் வைக்கும் துணிவுடையவன். அதனால் பலித்தது. ஐந்து பேர் உட்கார்ந்த மேசையில் இப்படிச் செய்தால் அழிவு" என்று முடித்தார்.

நமக்கு நம் தொழிலை வைத்து இது உடனே விளங்கிற்று. பார்சல் ஆபீஸில் இரும்புக் கட்டும் வரும், மாம்பழக் கூடையும் வரும். இரும்புக் கட்டு இரண்டு நாள் கிடந்தாலும் இரும்புதான். மாம்பழத்தை ஒரு வேளை தாமதித்தாலும் விலை போய்விடும். நான்கு ராஜா இரும்புக் கட்டு, அதற்கு அவசரமில்லை. மற்றச் சீட்டுகளில் பெரும்பாலானவை மாம்பழக் கூடைகளே. இந்த உவமையை நாம் சொன்னபோது நண்பர் நம் தோளைத் தட்டினார்.

மைத்துனன் வடையுடன் திரும்பி வந்தான். பேச்சு வடைக்கு மாறிற்று. ரயில் 64 மீட்டர் உயரமுள்ள பன்வல் நதிப் பாலத்தின்மேல் ஊர்ந்தது. கீழே தென்னைகள் நாற்றங்கால்போல் தோன்றின. அதைக் கண்ட வியப்பில் சீட்டு மறந்தது. அவனுக்குப் பாதிப் பாடமே தெரியும் என்பது நம் மனத்தில் ஒரு மூலையில் கிடந்தது. சொல்லவில்லை.

சாவந்த்வாடியின் சீட்டுகள்

கூடாலில் நண்பர் இல்லத்தில் இரவு தங்கினோம். சிவந்த மண் பூசிய முற்றம், கோகம் ரசம், நெய்யொழுகும் சோறு. மறுநாள் காலை, இருபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள சாவந்த்வாடிக்குச் சென்றோம். மோதித் தலாவ் என்னும் ஏரியின் கரையில் பழைய அரண்மனை நிற்கிறது. சித்தார் ஆளி என்னும் தெருவில் மரத்தால் செய்த காய்கறிகளையும் பழங்களையும் குவித்து விற்கிறார்கள். நம் குழந்தைக்காக ஒரு மரப் பூசணிக்கீற்று வாங்கினோம். மெய்யான பூசணி என்று ஈ வந்து உட்காரும்படியான வேலைப்பாடு!

அரண்மனையில் நாம் கண்டு வியந்தது கஞ்சீபா என்னும் பழைய சீட்டுகளை. நம் சீட்டுகள்போல் நீளமானவை அல்ல, வட்டமானவை. கையால் சித்திரம் எழுதி அரக்குப் பூச்சுப் பூசியவை. தசாவதாரக் கஞ்சீபாவில் பத்து அவதாரங்களும் பத்து இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் அரசன், மந்திரி, ஒன்று முதல் பத்துவரை எண்கள், ஆகப் பன்னிரண்டு. மொத்தம் 120 சீட்டுகள். பகலில் ஆடினால் இராமனைக்கொண்டு தொடங்கவேண்டும். இரவில் ஆடினால் கிருஷ்ணனைக்கொண்டு. ஐந்து இனங்களில் பெரிய எண் உயர்ந்தது. மற்ற ஐந்தில் அது தலைகீழாகி, சிறிய எண் உயர்ந்ததாகும். அழிந்துபோக இருந்த இக்கலையை அவ்வூர் அரச குடும்பத்தினரே ஆதரித்து மீட்டார்கள்.

பெரியவர் வெகுநேரம் அந்தச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பகலில் உயர்ந்தது இரவில் உயர்ந்ததில்லை. ஓரினத்தில் பத்து பெரிது. வேறோர் இனத்தில் ஒன்று பெரிது. சீட்டின் பலம் சீட்டில் மட்டும் இல்லையப்பா, வேளையிலும் இருக்கிறது" என்றார். மைத்துனன் கேட்டுக்கொண்டிருந்தானோ, கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தானோ, நாம் கவனிக்கவில்லை.

பணஜி நகரம்

மாலைக்குள் பஸ் எங்களைப் பணஜியில் இறக்கிவிட்டது. கர்நாடகத்து மலைகளில் மஹதாயி என்ற பெயரோடு பிறக்கும் ஆறு, கோவாவில் மாண்டவியாகிக் கடலை நெருங்குமிடத்தில், தென்கரையில் அமைந்த நகரம் இது. எதிர்க்கரையில் ரேஇஸ் மாகோஸ் கோட்டை. பணஜியையும் ரிபந்தரையும் இணைத்துச் சதுப்பு நிலத்தின்மேல் செல்லும் பழைய பாலச்சாலை, போர்த்துக்கீசியர் 1630-களில் கட்டியது. மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட அச்சாலையில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. அருகே கம்பிவடங்களில் தொங்கும் அடல் சேது 2019-இல் திறக்கப்பட்டது. அந்த இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம்.

மறுநாள் பழைய கோவாவுக்குச் சென்றோம். பாம் ஜீசஸ் ஆலயத்தில் புனித சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. 1542-இல் கோவாவில் வந்திறங்கிய அவர், அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணிபுரிந்தவர். தமிழர்க்கு இவ்வூரோடு மற்றொரு தொடர்பும் உண்டு. 1556-இல் இந்தியாவுக்கு முதல் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது கோவாவில்தான். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலின் தமிழ் எழுத்துகளில் ஒரு பகுதி கோவாவில் வார்க்கப்பட்டது. தமிழ் அச்செழுத்துப் பிறந்த ஊர்களில் ஒன்றில் நிற்கிறோம் என்ற எண்ணம் நமக்கு மெய்சிலிர்ப்பைத் தந்தது.

பணஜிக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பழைய தலைமைச் செயலகத்தின் அருகில் அப்பே ஃபாரியாவின் சிலை இருக்கிறது. கோவாவில் பிறந்து பிரான்சுக்குச் சென்று, மனோவசிய சாஸ்திரத்தில் பெயர்பெற்ற பாதிரியார் அவர். கைகளை நீட்டி ஒரு பெண்ணை உறக்கத்தில் ஆழ்த்துவதாகச் சிலை அமைந்துள்ளது. அதற்கு எதிரே, ஆற்றின் நடுவில், விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி, மிதக்கும் சூதாட்டக் கப்பல்கள் ஒளிவெள்ளத்தில் ஜொலிக்கத் தொடங்கின. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தங்களின்படி, இவ்வகைக் கப்பல்களில் மேசைச் சூதுக்கு அனுமதி உண்டு. கரையிலிருந்து சிறு படகில் அழைத்துச் செல்கிறார்கள். இருபத்தொரு வயது நிரம்பியவர்க்கே அனுமதி.

சிலையின் நீட்டிய கைகளையும் மைத்துனனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தோம். "அத்தான், ஒரே ஒருமுறை போய் வருகிறேன்" என்றான்.

கப்பலில் ஓரிரவு

அவனிடம் வங்கியில் முப்பதாயிரம் ரூபாய் இருந்தது. ஊரில் மாமனார் வீட்டின் ஓடுகளை, ஆனிச்சாரல் தொடங்குமுன் மாற்றுவதற்காகப் பத்து மாதம் சேர்த்தது. அதில் இருபதாயிரத்தை எடுத்திருந்தான். "இரட்டிப்பானால் ஓட்டோடு சட்டமும் மாற்றிவிடலாம்" என்றான். பெரியவர் வரமாட்டேன் என்று அறையிலேயே தங்கினார். கூடால் நண்பர் இரவு உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தார். நாம் மட்டும் நுழைவுக் கட்டணம் செலுத்தி உடன் சென்றோம். படகில் ஏறியபோதுகூட, ரயிலில் கேட்ட மறுபாதிப் பாடத்தைச் சொல்ல வாயெடுத்தோம். கற்றவனுக்கு, கடலைக்கு ஆடிய நாம் போதிப்பதா? உற்சாகத்தைக் கெடுத்தால், "என் தம்பியிடம் முகம் கடுத்தீர்கள்" என்று வீட்டில் வருமே? இன்னும் ஒரு சிறிது பொறுத்துச் சொல்லலாம் என்று எண்ணினோம்.

உள்ளே குளிர்காற்று, கம்பளம், இசை. கடிகாரம் ஒன்றும் நம் கண்ணில் படவில்லை. போக்கர் மேசைகள் தனியிடத்தில் இருந்தன. பார்ப்பவர்கள் கயிற்றுக்கு இப்பால் நிற்கவேண்டும். ஆடுபவரிடம் ஆட்டத்தைப்பற்றிப் பேசக்கூடாது. முதல் ஒருமணி நேரம் அவன் நிதானமாகவே ஆடினான், லாபமுமில்லை, நஷ்டமுமில்லை.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. நான்கு பேர் ஆளுக்கு அறுநூறு வைத்திருந்தார்கள். நடுவில் இரண்டாயிரத்து நானூறு. விரித்த மூன்று சீட்டு: ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது, கிளாவர் நாலு. மைத்துனனின் காதுமடல் சிவந்தது. ரயிலில் கடலைக்கு ஆடியபோதே நல்ல சீட்டு வந்தால் அவன் காது சிவக்கக் கண்டிருக்கிறோம். அவன் கையில் இரண்டு ஒன்பது இருந்தன. ஆக மூன்று ஒன்பது. அப்போது அது நமக்குத் தெரியாது. ஏதோ பலமானது என்று மட்டும் தெரிந்தது. அவன் கூடால் நண்பரைப்போலவே கொட்டாவி விட்டான். மேசையைத் தட்டினான். மற்ற மூவரும் தட்டினார்கள்.

நடுவில் இரண்டு ஆட்டின். எதிரே மூன்று பேர். மாம்பழக் கூடை வெயிலில் கிடக்கிறது என்று நம் நெஞ்சு அடித்துக்கொண்டது. கயிற்றுக்கு இப்பால் நின்ற நாம் என்ன செய்ய முடியும்? பேசவேண்டிய இடத்தில் பேசாதிருந்துவிட்டு, பேசக்கூடாத இடத்தில் வாய் துடித்தது.

நான்காவது சீட்டு ஆட்டின் ஆறு. எதிரே இருந்த நடுவயதுக்காரர் ஒருவர் இரண்டாயிரம் வைத்தார். மைத்துனன் ஆறாயிரமாக ஏற்றினான். அவர் ஒரு நொடிகூடத் தயங்காமல் எல்லாவற்றையும் நகர்த்தினார். மைத்துனனும் எஞ்சியதை நகர்த்தினான். சீட்டுகள் திருப்பப்பட்டன. அவர் கையில் ஆட்டின் ஆசும் ஆட்டின் ஏழும். ஒரே இனத்தில் ஐந்து! கடைசிச் சீட்டில் ஜாக்கியோ ஒன்பதோ ஆறோ நாலோ விழுந்தால் மைத்துனன் பிழைப்பான். விழுந்தது இஸ்பேடு ராஜா. இருபதாயிரம் ரூபாய் கரையேறிப் போயிற்று. அவன் எழுந்து வந்து நம் பக்கத்தில் நின்றான். நாம் இருவரும் ஒன்றும் பேசாமல் படகுக்கு வந்தோம்.

கரையில் போட்ட கணக்கு

நள்ளிரவுக்குமேல் நதிக்கரைச் சுவரில் உட்கார்ந்தோம். "என் அதிர்ஷ்டம், அத்தான்" என்றான். அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டால் அவன் மறுபடியும் படகேறுவான் என்று தோன்றியது. டிக்கெட் உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினோம்.

முதல் மூன்று சீட்டு விழுந்தபோது எதிராளியின் கையில் இரண்டு, நடுவில் இரண்டு, ஆக நான்கு ஆட்டின். மீதம் ஒன்பது. அவர் காணாத சீட்டுகள் நாற்பத்தேழு. அடுத்த சீட்டு ஆட்டினாக விழ நாற்பத்தேழில் ஒன்பது. அதாவது நூற்றுக்குப் பத்தொன்பது. அப்போது மைத்துனன் ஆயிரத்து எண்ணூறு வைத்திருந்தால், நடுவில் நாலாயிரத்து இருநூறு ஆகியிருக்கும். அதைப் பெற அவர் ஆயிரத்து எண்ணூறு கட்டவேண்டும். ஆறாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறு, நூற்றுக்கு முப்பது. பத்தொன்பது பெறுமான சரக்குக்கு முப்பது விலை! புத்திசாலி விலகியிருப்பார். விலகாமல் கட்டியிருந்தால், அவருக்கும் அந்த ஆட்டின் வந்தேயிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிக் கட்டுபவர் பலமுறை கட்டினால் நஷ்டப்படுவார்; நாம் லாபமடைவோம். மைத்துனன் விதித்த விலையோ சுன்னம். மூன்று பேருக்கு அடுத்த சீட்டை இலவசமாகக் கொடுத்தான். நான்காவது சீட்டு விழுந்தபின் அவன் பிழைக்க, அறியாத நாற்பத்து நான்கில் பத்துச் சீட்டுகளே உதவும். நூற்றுக்கு இருபத்து மூன்று.

"அப்படியானால் பலமான சீட்டை எப்போது மெதுவாக ஆடுவது?" என்று கேட்டான். கூடால் நண்பர் சொன்ன நான்கு நிபந்தனைகளையும் வரிசையாகச் சொன்னோம். "இரண்டு ஆட்டின் இல்லாமல், மூன்றும் மூன்று இனமாக, ஒன்றோடொன்று வரிசை சேராமல் விழுந்திருந்து, எதிரே ஒருவரே இருந்திருந்தால் நீ செய்தது சரியாகக்கூட இருந்திருக்கும்" என்றோம்.

அவன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். "இது உங்களுக்கு எப்போது தெரியும், அத்தான்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீ வடை வாங்கப் போயிருந்தபோது" என்றோம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலின் விளக்கு ஆற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பலமான சீட்டை அவன் மறைத்து வைத்ததுபோல், பயனுள்ள ஒரு வார்த்தையை நாம் மறைத்து வைத்திருந்தோம். சரியான வேளை வரட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தோம். அவன் மூன்று பேருக்கு ஒரு சீட்டு இலவசமாகத் தந்தான். நாம் அவனுக்கு ஒரு படகுப்பயணத்தையே இலவசமாக விட்டுக்கொடுத்தோம். இதில் யார் தவறு பெரிது என்று நமக்கு இன்றும் துணியக் கூடவில்லை.

திரும்பும் வழி

மறுநாள் கர்மாலி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். ஊருக்குத் தெரிவிப்பது எப்போது என்ற பேச்சு எழுந்தது. சித்திரையில் சொல்லலாம், அதற்குள் பாதி சேர்த்துவிடுவேன் என்றான் மைத்துனன். பெரியவர் குறுக்கிட்டார். "கெட்ட செய்தியை வைத்துக்கொண்டிருந்தால் வட்டி ஏறும். இப்போதே சொல்" என்றார். பார்சல் ஆபீஸில், உரிய காலத்தில் எடுக்காத சரக்குக்கு வார்ஃபேஜ் விதிப்பதை அவர் முப்பத்தாறு ஆண்டுகளாகக் கண்டவர்.

பிளாட்பாரத்தின் கோடியில் நின்று அவன் தந்தையோடு பேசினான். பிறகு நம்மிடம் வந்தான். "அப்பா திட்டவில்லை, அத்தான். ஒரு கேள்விதான் கேட்டார்."

"என்ன?"

"'உன் அத்தான் பக்கத்தில் இருந்தாரா?' என்று கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"இருந்தார் என்றேன்."

திரும்பும் வழியில் கர்புடே குகை வந்தபோது ஒருவரும் சீட்டுக்கட்டை எடுக்கவில்லை. வீடு வந்ததும் இல்லாளிடம் நாமே முதலில் சொல்லிவிட்டோம். அவள் இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், பண்டிகைச் சீட்டுப் பணத்தில் பத்தாயிரத்தைத் தம்பியின் பேருக்கு அனுப்பும்படி எடுத்துக் கொடுத்தாள். அவனிடம் எஞ்சியிருந்த பத்தாயிரத்தோடு அதையும் சேர்த்து, பங்குனியில் மாமனார் வீட்டின் மேற்குச் சரிவுக்கு ஓடு மாற்றியாயிற்று. கிழக்குச் சரிவு அடுத்த ஆண்டுக்கு நிற்கிறது. மைத்துனன் மாதம் ஆயிரமாக நம்மிடம் கடனை அடைத்து வருகிறான். வாங்க வேண்டாம் என்றே நினைத்தோம். வாங்காவிட்டால் அவன் மனம் ஆறாது என்று பெரியவர் சொன்னதால் வாங்குகிறோம்.

சங்கத்து அன்பர்கள் கோவா செல்ல விரும்பினால், பகல் வண்டியில் செல்லுங்கள். ஜன்னலோரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். சாவந்த்வாடியில் ஒருநாள் இறங்கி, வட்டச் சீட்டுகளைக் காணுங்கள். பழைய கோவாவில் தமிழ் எழுத்து வார்த்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாலையில் மாண்டவிக் கரையில் நின்று பாருங்கள். கப்பல் விளக்குகள் கரையிலிருந்து பார்க்கவும் அழகாகவே இருக்கின்றன, கட்டணமும் இல்லை. உடன் வரும் இளையவர்க்குச் சொல்லவேண்டியது ஏதேனும் உங்கள் மனத்தில் இருந்தால், அதை இரத்தினகிரி வருமுன்பே சொல்லிவிடுங்கள்.